டேனியல் ஃப்ரீமன்: நள்ளிரவுக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

அரசு நிலத்தில் குடியேறி உழுபவர்களுக்கு அதையே சொந்தமாகக் கொடுத்த அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட் சட்டம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெப்ராஸ்காவின் டேனியல் ஃப்ரீமன் புத்தாண்டு விருந்தில் நில அலுவலக ஊழியரைப் பிடித்துக் கெஞ்சி, 1863 ஜனவரி 1 பிறந்த கையோடு பிரவுன்வில் அலுவலகத்தைத் திறக்கவைத்து, நாட்டிலேயே முதல் ஆளாக 160 ஏக்கருக்கு மனு போட்டார் என்று முக்கால் கட்டுரையை அந்த ஒரு இரவுக்கே கொடுத்துவிட்டீர்கள். சுவையான கதைதான். ஆனால் அவர் வாழ்க்கையில் நம்பகம் குறைந்த பகுதியும் அதுதான். அன்று அவர் மனு போட்டது உண்மை, அதே நாளில் வேறு பலரும் போட்டார்கள்.

மனு போட்டதும் பட்டா கைக்கு வந்துவிடாது. 5 வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்ட வேண்டும். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர்தான், உழைப்புதான் பெரிய விலை. 1868 ஜனவரியில் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் எல்லாம் இருக்கிறது: 14க்கு 20 அடியில் பாதி மரக்கட்டையும் பாதி பலகையுமாக ஒரு வீடு, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், உழுது வேலி போட்ட 35 ஏக்கர், 100 அடி நீளத்தில் ஆட்டுக்கொட்டகை, 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம். வெட்டவெளிப் புல்வெளியில் 400 பழமரம் நட்ட மனுஷரைப் பற்றி நாலு வரியாவது எழுதியிருக்கலாம். பட்டா வந்தது 1869இல். அப்புறம் அவர் மனைவி ஆக்னஸ். ஃப்ரீமனின் தம்பிக்கு நிச்சயமாகியிருந்த பெண், தம்பி உள்நாட்டுப் போரில் இறந்தபின் இவருக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து வளர்ந்து 1865இல் கல்யாணமானது. அவர் பெயர்கூட உங்கள் கட்டுரையில் இல்லை.

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் வேறொன்றில். ஃப்ரீமன் வைத்தியம் படித்தவர், கேஜ் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) ஷெரிஃபாக, அதாவது காவல் அதிகாரியாக இருந்தார், மரண விசாரணை அதிகாரியாகவும் இருந்தார். இப்படி ஊர்ப் பெரிய மனிதராகிவிட்ட ஒருவர், எழுபது வயதைத் தாண்டியபின், பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, பாட்டுப் பாடவைப்பதை நிறுத்தச் சொல்லி நிர்வாகக் குழுவிடம் போனார். அவர்கள் முடியாது என்றதும் கோர்ட்டுக்கே போய்விட்டார்! யாரை எதிர்த்து? தினமும் முகத்தில் விழிக்கும் சொந்த ஊர்க்காரர்களை எதிர்த்து. கீழ்க்கோர்ட்டில் தோற்று, 1902இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அடுத்த வருடம் நீதிமன்றம் கொஞ்சம் இறங்கிவந்து, பைபிளைத் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, ஒரு மதப்பிரிவின் போதனையாக அது மாறக் கூடாது, அவ்வளவுதான் என்று விளக்கியது. சரி, அப்படியே இருக்கட்டும். நாடு முழுவதற்குமான உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பு வழிபாட்டைத் தடுத்தது 1963இல்தான். அதற்கு அறுபது வருடம் முன்னாலேயே ஒரு விவசாயி செய்த காரியம் இது, என் கணக்கில் நள்ளிரவு மனுவைவிடப் பெரியது.

இன்னொன்று. "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதி ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசு அதை விட்டுக்கொடுக்கவைத்து, பிக் புளூ ஆற்றோரம் ஒரு துண்டு நிலத்தில் அவர்களை ஒதுக்கியது. 1880களின் தொடக்கத்தில் அங்கிருந்தும் கிளப்பி இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஃப்ரீமன் ஷெரிஃபாக இருந்த அதே கேஜ் கவுண்டியில்தான் அந்த ஒதுக்கிடமும் இருந்தது. அவர் 1908இல் இறந்தார், அவருடைய நிலம் 1936இல் தேசிய நினைவிடமானது. "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்ற அந்த ஒரு வரியையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்