சீசன் பூ வாடிய பின் கூடையில் என்ன வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் சீசனில் நுவரெலியா வந்து, பெட்டூனியா பூத்துக் குலுங்கும் தொங்குகூடையை ஆசைப்பட்டு வாங்கிப் போகிறவர்கள் அநேகர். தென்மேல் பருவமழை இறங்கியதும் பூ அழுகி, தண்டு கொழகொழத்து, ஜூலையில் கம்பிக்கூடுதான் மிஞ்சும். பெட்டூனியா நாள் முழுக்க வெயில் கேட்கும் செடி. ஜூன் மாத அட்டனில் வெயிலுக்கு எங்கே போவது? எப்போதும் பச்சையாய் நிற்கும் இலைச்செடிகளே இந்த மலைக்குத் தோது.

அட்டன், தலவாக்கலை ஈரத்துக்குப் பொஸ்டன் பன்னம் என்ற பெரணிச்செடி நன்றாக வரும். அதையே கச்சான் காற்று வறட்டும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மாட்டினால் இலை உதிர்ந்து வாசலெல்லாம் குப்பை. அங்கே ஸ்பைடர் பிளான்ட், அலங்கார அஸ்பராகஸ் இரண்டும் தாங்கும். தடித்த வேரில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி உறைபனி விழும் திறந்த முற்றமென்றால் ஐவிக் கொடிதான். மணி பிளான்ட் அந்தக் குளிரில் கறுத்துவிடும்.

12 அங்குலக் கூடைக்கு ஏறத்தாழ 7 லீற்றர் கலவை, மூன்று கன்று. தும்புத்தூள் 2 பங்கு, மக்கிய சாணி எரு 1, மணல் 1. தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே நிரப்பினால் மழையில் சேறு, வெயிலில் கட்டி. தும்புத்தூளை இரண்டு தடவை ஊறவைத்துப் பிழிந்தே சேர்க்க வேண்டும். அதில் உப்பு தங்கினால் ஸ்பைடர் பிளான்ட்டின் இலை நுனி பழுப்பாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றி வேரையும் அழுகவிடுகிறார்கள்.

உள்விரிப்புக்குக் காட்டு மரத்துப் பாசியை உரிப்பது பாவம். மூடுபனியின் ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்தப் பாசி. தும்புப் பாய் போதும். பொலித்தீன் என்றால் அடியில் பென்சில் நுழையுமளவு எட்டு ஓட்டை.

நனைந்த கூடை நல்ல கனம் வரும். ஆணியை நம்பாமல் கைமரத்தில் திருகுக் கொக்கி போடுங்கள், அதுவும் தகரக்கூரைத் தண்ணீர் விழும் இடத்துக்கு ஓர் அடி உள்ளே. தாரைக்கு நேர் கீழே மாட்டினால் ஒரே மழையில் நடுவில் குழி விழுந்து வேர் வெளியே தெரியும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பாருங்கள், கனத்தால் விட்டுவிடலாம். இலேசாகி, ஊற்றுவதெல்லாம் ஓரமாய் வழிந்தோடினால் உள்ளே காய்ந்துவிட்டது. வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுக்க வேண்டும்.

சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் கைக்கெட்டாத உயரம் முக்கியம். ஐவி இலையும் அஸ்பராகஸின் சிவப்புப் பழமும் வயிற்றைக் கெடுக்கும்.

பூச்செடி வளர்ப்போர்,
வெலிமடை.