செயலாளரின் ஆண்டறிக்கை: தை மாத மலைப் பயணமும் கோத்தகிரி மதிய உணவும்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்த அண்ணன்மார்களே, சகோதரிகளே, தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி தர வேண்டிய ஆவணங்கள் தாக்கல் செய்யப்பட்டன. முதலுதவிப் பயிற்சி நடந்தது. அடுத்த ஆண்டும் நடத்த வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதி நேரத்தை நம் மோட்டார் சைக்கிள் சங்கம் நீலகிரிக்குப் போன குளிர்காலப் பயணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இன்று நாம் வாக்களிக்கப் போகும் விதித் திருத்தம் அந்தப் பயணத்திலிருந்து பிறந்தது.

கார்த்திகை, மார்கழியில் போகலாமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையத்துக்கு மேலே மண் சரிவது நமக்குத் தெரிந்த கதை. மழை ஓய்ந்த பின் படகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வருகிறது. கோத்தகிரி அருகே உள்ள பேரகணிக்குப் பக்தர்கள் திரளும் நாட்களில் நம் வண்டிகள் சாலையை அடைத்து நிற்பது முறையல்ல. ஆகவே பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தோம்.

இளைஞர்கள் இன்னொரு யோசனை வைத்தார்கள். கோவையிலிருந்து நள்ளிரவில் கிளம்பி, விடியும்போது ஊட்டி அருகே உள்ள தலைக்குந்தாவில் உறைபனியைப் பார்க்க வேண்டும் என்பது. ஆசை நியாயமானது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் கனத்த குளிர்காற்று பள்ளங்களில் போய்த் தேங்குவதால், 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா சிகரத்தைவிடத் தாழ்வான தலைக்குந்தா புல்வெளி வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் அது கரைந்துவிடும். ஆனாலும் செயற்குழு மறுத்தது. வெப்பம் 5 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உடலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே உள்ள குளிராகத்தான் படும். விரல் மரத்தால் பிரேக் பிடியை அழுத்துவது தாமதமாகும். மூடுபனியும் காட்டு விலங்குகளும் உள்ள இருட்டுப் பாதையில் அந்தத் தாமதம் உயிரைக் கேட்கும். உறைபனி பார்க்க விரும்பியவர்கள் சனிக்கிழமை பகலிலேயே ஊட்டி சென்று தங்க ஏற்பாடு செய்தோம். மறுப்பை ஏற்றுக்கொண்ட தம்பிகளுக்கு என் மனமார்ந்த நன்றி.

அவர்கள் கண்ட காலை அழகானது. வண்டி இருக்கைகள் உப்புத் தூவியதுபோல வெளுத்திருந்தனவாம். கார்புரேட்டர் உள்ள பழைய புல்லட்டுகள் சோக்கை இழுத்து நாலைந்து உதையில் எழுந்துவிட்டன. திணறியது ஒரு புது வகை வண்டி. உதைத்துக் கிளப்பும் வசதி அதில் இல்லை. பேட்டரியோ பழசு, குளிரில் முழுதாகச் சோர்ந்துவிட்டது. பேட்டரி அடியோடு இறங்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பும் ஓடாது, தள்ளிக் கிளப்புவதும் கடினம். ஆகவே கார்புரேட்டருக்குப் பதில் இப்படி மின்சாரத்தால் பெட்ரோல் செலுத்தும் பியூயல் இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் மார்கழிக்கு முன்பே பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். இதை வேண்டுகோளாக அல்ல, அடுத்த பயணத்தின் நிபந்தனையாகவே வைக்கிறேன்.

கோவைக் குழு விடிந்த பிறகுதான் கிளம்பியது. கோத்தகிரிச் சாலையில் உள்ள குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில், நீலகிரியில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பாட்டிலுக்காக ஒருவரும் நிறுத்தப்படவில்லை. எல்லோரிடமும் எவர்சில்வர் பாட்டில் இருந்தது. பலாப்பழக் காலத்தில் யானைகள் வந்து நிற்கும் அந்த வளைவுகளில் அன்று குரங்குகள் மட்டுமே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது கோத்தகிரிக்கு முன்னுள்ள அரவேணுவை நெருங்கும்போது கை முட்டிகளில் தெரிந்தது. அங்கே தேநீரும் வர்க்கியும் சாப்பிட்டு விரல்களைச் சூடாக்கிக்கொண்டோம். வியர்வையில் நனைந்த பருத்திப் பனியன்தான் மலையில் முதல் எதிரி என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொல்லி, மாற்றுப் பனியனும் நெஞ்சுக்கு மடித்த செய்தித்தாளும் கொண்டுவரச் செய்திருந்தார். கேட்டவர்கள் நடுங்கவில்லை. பின்னால் அமர்வோர் கழுத்து மஃப்ளரின் நுனியைத் தொங்கவிடக் கூடாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். சக்கரம் அதை இழுத்துவிடும்.

ஒரு வருத்தம். கொண்டை ஊசி வளைவில் இருவர் முந்தினார்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்றாலும், எதிரே வருவது தெரியாத வளைவில் அந்த உரிமை எதற்கும் உதவாது. இருவரிடமும் தலைவர் பேசிவிட்டார்.

இனி மதிய உணவு. கோத்தகிரியில் உள்ளூர்ச் சமையல்காரர்கள் கேழ்வரகுக் களி, அவரைக் குழம்பு, சுடுசோறு, மலைப்பூண்டு ரசம், கேரட் பொரியல் என்று பரிமாறினார்கள். களியை விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டிருந்தவர்களுக்குச் சமைத்த அம்மாள் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஊட்டிக் குழுவும் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் முன்னால் அங்கே இருந்தவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏறி வந்த நம் மூத்தவர்கள். முழங்கால் வலியால், கண் பார்வையால், மருத்துவர் தடுத்ததால் வண்டியை விட்டவர்கள். ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் சத்தத்தை வைத்தே எஞ்சின் வால்வின் டேப்பெட் தளர்ந்திருக்கிறது, செயின் இறுக்கம் என்று குற்றம் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாசலிலேயே ஓர் அண்ணன் ஸ்பேனர் வாங்கி உட்கார்ந்துவிட்டார். கற்றுக்கொள்ளப் பத்துப் பேர் சுற்றி நின்றோம். நம் சங்கத்தின் அறிவு அந்தக் கைகளில் இருக்கிறது.

ஆனால் நம் விதிப்படி, ஓடும் நிலையில் வண்டியும் நடப்பில் உள்ள ஓட்டுநர் உரிமமும் இல்லாதவர் உறுப்பினராக நீடிக்க முடியாது. அன்று பந்தியில் நம்மோடு அமர்ந்த அவர்களில் பலர் ஏட்டில் விருந்தினர்கள். இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களை விருந்தினர் என்று எழுத என் கை வரவில்லை.

எனவே செயற்குழு முன்மொழியும் சிறப்புத் தீர்மானம் இது: பத்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்து வண்டி ஓட்டுவதை நிறுத்தியவர்கள் வாக்குரிமையோடு முழு உறுப்பினர்களாகத் தொடரலாம். குளிர்காலப் பயணத்தின் மதிய உணவு பேருந்து செல்லும் ஊரில் மட்டுமே நடக்கும். மூடுபனி இறங்குமுன் கீழே சேரும்படி மூன்று மணிக்குள் அனைவரும் கிளம்பிவிட வேண்டும்.

அறிக்கையை ஏற்று, தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு பேரவையை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்