கல்வெட்டில் மாமிக்கும் ஓர் இடம்

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டொரொன்டோக் குளிரில் முழங்கால் வலியோடு படியேறுகிறாய் என்று வாசித்ததும் உன்மேல் கோபம்தான் வந்தது. மருமகனிடம் சொல்லிக் கீழ்த்தளத்து அறைக்கு மாறிவிடு.

நம்மோடு வேலை செய்த அக்காவின் இறுதிச் சடங்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். கனத்தை மயானத்தில் நடந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. பழைய எழுதுவினைஞர்கள், புறக்கோட்டைக் கடைப் பெண்கள், லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்த வீட்டுப் பணிப்பெண்கள் என்று பலரும் வந்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். தமிழில் பேசியவரும் சிங்களத்தில் பேசியவரும் ஒன்றையே சொன்னார்கள்: "குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காமல் தொழிற்சங்கத்தையும் வளர்த்தார்." அக்கா இரவில் தூங்கவே இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

ஒருவர் அவரை "நம் காலத்து மீனாட்சி அம்மையார்" என்றார். அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் 1930களில் தோட்டம் தோட்டமாகச் சேர்ந்தே போனவர்கள். அம்மையார் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்ப்பார், ஐயர் பேசுவார். அக்காவின் வீட்டில் அந்தக் கதை ஏது? அக்காவின் கணவர், நம் அண்ணன், நல்ல மனிதர்தான். கூட்டம் என்றால் வாசல்வரை வந்து வழியனுப்புவார், அவ்வளவுதான். அடுப்படியைப் பார்த்தது மாமி, அண்ணனின் அம்மா. பிள்ளைகளுக்குத் தலை இழுத்துவிட்டது மாமி. சங்கத்தைக் கண்டபடி திட்டியதும் அதே மாமிதான்.

1980 உனக்கு மறந்திருக்காது. சம்பளத்தில் 300 ரூபா கூட்டிக் கேட்டோம். ஜூன் 5ஆம் தேதி ஆர்ப்பாட்டத்தில் தொழிற்சங்கத் தோழர் சோமபால கொல்லப்பட்டதும், ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியதும், வராதவர்களெல்லாம் பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுவார்கள் என்ற அறிவிப்பும் இப்போதும் கண்முன் நிற்கின்றன. ஏறக்குறைய 40,000 பேரின் வேலை போயிற்று. நம் கந்தோரில் நீயும் நானும் அக்காவும் ஒரே வரிசையில் இருந்தோம், ஒரே வரிசையாக வெளியே வந்தோம். நீ கப்பல்காரத் தம்பியின் பணத்தில் தப்பினாய். அக்காவுக்கு யார் இருந்தார்கள்?

கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அந்த நாட்களில் நான் விடியப்புறமே போய்விடுவேன். மாமி அரிசி மாவை வறுத்து, அரித்து, கொதிநீர் விட்டுக் குழைத்து வைத்திருப்பார். இடியப்ப உரலை இரண்டு கையாலும் அழுத்தும்போது தோள் எலும்பு சேலைக்கு மேலால் தெரியும். பிழிந்த தட்டுகளை அடுக்கி அவிய வைத்துவிட்டு, "உங்கள் சங்கம் வந்து பிழியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நான் வாய் திறக்க மாட்டேன். வெந்தவற்றை அண்ணன் சைக்கிளில் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோவார். அந்த இடியப்பக் காசில்தான் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். வேலை இழந்தவர்களின் மனுக்களை எழுத அக்கா பஸ் ஏறிப் போனதும் அந்தக் காசில்தான். மாமி திட்டிக்கொண்டே பஸ் காசை எண்ணிக் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

83இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றி இங்கே எழுத மனமில்லை. சங்கத்துச் சிங்களத் தோழர்கள் சிலர் தேடி வந்தார்கள், சிலர் வரவில்லை. அக்கா இரு சாராரையும் நினைவில் வைத்திருந்தார்.

பிறகு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனார் அல்லவா? அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள், முதலாளி தன் 12 வீதத்தைக் கட்டினாரா என்று போய்க் கேள் என்று பெண்களைக் கிளப்பிவிடுவார். கடைசிக் காலத்தில் வீட்டுப் பணிப்பெண்களோடுதான் முழு நேரமும். அந்தச் சேமலாப நிதியும் எட்டாதவர்கள் அவர்கள். பெரும்பாலும் மலையகத்துப் பிள்ளைகள். 1871இல் வெள்ளைக்காரன் வேலைக்காரரைப் பதிவதற்கென்று கொண்டுவந்த சட்டத்தை எடுத்துக் காட்டி, "பதிவதற்குச் சட்டம் இருக்கிறது, சம்பளத்துக்கு இல்லை" என்று அவர் கொதித்ததை நீ நேரில் கேட்டிருக்க வேண்டும்.

மூத்த மகளுக்குத் தாயோடு மனத்தாங்கல் இருந்தது உனக்குத் தெரியும். பாட்டிக்குப் பின் சமையல் அவள் தலையில்தானே விழுந்தது. "அம்மா ஊருக்கு அக்கா, எங்களுக்கு விருந்தாளி" என்பாள். தனியார் கம்பனியில் வேலை செய்தபோது மூன்றாவது பிள்ளைக்கு அவளுக்குக் கிடைத்த பிரசவ லீவு 42 நாள்தான், அன்றைய சட்டம் அப்படி. எந்தப் பிள்ளையானாலும் 84 நாள் என்று 2018இல் திருத்தம் வந்ததும் அக்கா பத்திரிகைத் துண்டை வெட்டி அவளிடம் நீட்டினார். "பிந்திவிட்டது அம்மா" என்றாளாம். அவள் சொன்னதும் நியாயம்தான்.

இப்போது 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்கிறார்கள். தொகுக்கும் பொறுப்பை மகள் என்னிடம் தந்திருக்கிறாள். புகழ்மாலை ஏற்கெனவே கட்டுக்கட்டாக வந்துவிட்டது. 1980ஐ நீ எழுதி அனுப்பு. மாமியை விட்டுவிடாதே, அவர் திட்டியதையும் சேர்த்தே எழுது. மகளிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டாள். பாட்டியின் படமும் போட வேண்டும் என்கிறாள், ஆனால் வீட்டில் ஒன்றுகூட இல்லை. உன் கலியாண அல்பத்தில் சாப்பாட்டுப் பந்திப் படத்தில் மாமி நிற்பதாக ஞாபகம். தேடிப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கட்டுரை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், அச்சகக்காரர் பக்கக் கணக்கில் கறாராக இருக்கிறார்.

அன்புடன்,
உன் பக்கத்து மேசைக்காரி