அந்த ஒரு ‘அல்லது’வை மாற்றுங்கள்: கடலுக்கும் வானுக்கும் விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேசக் கடல்சார் அமைப்பிலும் சர்வதேசக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பிலும் தங்கள் நாடுகளின் சார்பில் உட்கார்ந்திருக்கும் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். வாழ்நாளில் பாதியைக் கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், நின்றே கழித்துவிட்டு இப்போது கரையில் இருக்கிறேன். கையில் நேரம் இருப்பதால் நீங்கள் எழுதிய விதிகளை ஆற அமரப் படிக்க முடிகிறது, வேலையில் இருந்தபோது படித்ததைவிட நன்றாகவே. சோலாஸ், அதாவது கடலில் உயிர்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை, 5ஆம் அத்தியாயம், 19ஆம் விதி. கப்பலில் என்னென்ன கருவி இருக்க வேண்டும் என்று சொல்லும் இடம் அது. கப்பல் தன் இருப்பிடத்தைத் தானாகக் கண்டுகொள்ள ஒரு ரிசீவர் வேண்டும், அது செயற்கைக்கோளை நம்பியதாக இருக்கலாம் அல்லது தரையில் உள்ள ரேடியோ நிலையங்களை நம்பியதாக இருக்கலாம் என்கிற மாதிரி அங்கே எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘அல்லது’வைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களில் இளையவர்கள் ஜிபிஎஸ் இல்லாத பிரிட்ஜைப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆகவே கொஞ்சம் பழங்கதை. லோரான்-சி என்று ஒன்று இருந்தது. கரையில் நிற்கும் தலைமை நிலையம் 100 கிலோஹெர்ட்ஸில் துடிப்புகளை அனுப்பும். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் துணை நிலையங்கள் குறித்த இடைவெளி விட்டுத் தங்கள் துடிப்புகளை அனுப்பும். இரண்டும் நம்மை வந்து சேரும் நேர வித்தியாசத்தை ரிசீவர் மைக்ரோ விநாடிக் கணக்கில் அளக்கும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும், சூட்சுமம் அவ்வளவுதான். ஒரே வித்தியாசம் கிடைக்கும் இடங்களையெல்லாம் சேர்த்தால் ஓர் அதிபரவளைவு வரும், அந்த வளைவுகளைச் சார்ட்டிலேயே, அதாவது கடல் வரைபடத்திலேயே, வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள். இரண்டு ஜோடி நிலையம், இரண்டு வளைவு, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் நாம்.

டெக்கா இதற்கு அண்ணன். துடிப்புக் கிடையாது, தொடர்ந்து வரும் அலைகளில் எது எவ்வளவு முன்னே பின்னே இருக்கிறது என்று ஒப்பிடும் முறை. 1944 ஜூனில் நார்மண்டிக் கரைக்கு வழி திறந்த கண்ணிவாரிக் கப்பல்கள் இதைத்தான் வைத்திருந்தன. பிரிட்ஜில் சிவப்பு, பச்சை, ஊதா என்று மூன்று வட்ட மீட்டர்கள், கடிகார முள் மாதிரி முள். அப்புறம் ஒமேகா: 10 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய மிகத் தாழ்ந்த அலைவரிசை, மொத்த உலகத்துக்கும் எட்டே நிலையங்கள். நார்வேயிலிருந்து ஆஸ்திரேலியா வரை அந்த எட்டை வைத்தே பெருங்கடலைத் தாண்டினோம், இரண்டு முதல் நான்கு கடல் மைல் பிழையோடு. நடுக்கடலில் நான்கு மைல் பெரிய விஷயம் இல்லை.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. பொன் இல்லை. இருட்டியதும் வானில் பட்டுத் திரும்பி வரும் அலை, தரையோடு வரும் அலையோடு கலந்து டெக்காவைக் குழப்பிவிடும். முள் ஒரு சுற்று, அதாவது ஒரு லேன், சத்தமில்லாமல் தாவிவிடும், மீட்டர் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிலையங்களை இணைக்கும் கோட்டின் மேலேயே ஒரு லேன் 350 முதல் 590 மீட்டர் வரை, விலக விலக இன்னும் அகலும். ஒருநாள் அந்தியில் அப்படித் தாவியது எனக்குத் தெரியவே இல்லை. ரேடாரில் கரைமுனை இருக்க வேண்டிய இடத்தில் இல்லையே என்று சந்தேகம் வந்ததால் தப்பித்தோம். கேப்டன் அன்றைக்கு என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஒரு கருவியையும் தனியாக நம்பும் பழக்கம் எனக்குப் போய்விட்டது, நீங்களும் விதி எழுதும்போது அதே சந்தேகத்தோடு எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டு விபத்துகளை நினைவுபடுத்துகிறேன், இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவைதான். 1923 செப்டம்பர் 8 இரவு, கலிஃபோர்னியாவின் ஹோண்டா முனையில் ஏழு அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையில் மோதி அழிந்தன, 23 மாலுமிகள் இறந்தார்கள். பாயின்ட் ஆர்கெல்லோவில் இருந்த ரேடியோ திசை நிலையம், நீங்கள் இன்னும் வடக்கேதான் இருக்கிறீர்கள் என்று சரியாகவே சொன்னது. புதுக் கருவி, யார் நம்புவது? கையால் போட்ட கணக்கை நம்பிக் கரைப்பக்கம் திரும்பினார்கள்.

72 வருடம் கழித்து, 1995 ஜூன் 10, இதற்கு நேர் எதிர். ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் அதில். கிளம்பி ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. ரிசீவர் செயற்கைக்கோளை விட்டுவிட்டு, வேகத்தையும் திசையையும் வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. அதைத் திரையில் பொடி எழுத்தில் இரண்டு மூன்று எழுத்தாகக் காட்டவும் செய்தது. யாரும் பார்க்கவில்லை. சுமார் 34 மணி நேரம் அப்படியே ஓடி, 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் தரைதட்டியது. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. என்னைத் தூங்கவிடாத சங்கதி வேறு: அதே பிரிட்ஜில் ஒரு லோரான்-சி ரிசீவர் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஜிபிஎஸ் போனால் எடுத்துக்கொள்வோம் என்று வைத்திருந்தார்கள். ஜிபிஎஸ் போனதே தெரியாதபோது எப்போது எடுப்பது?

அதன் பிறகு நீங்களும் உங்கள் அரசுகளும் என்ன செய்தீர்கள் என்று பார்த்தால், அந்த இரண்டாவது ரிசீவருக்குக் கேட்க அநேகமாக எதுவும் இல்லாமல் செய்துவிட்டீர்கள். ஒமேகா 1997 செப்டம்பர் 30 அன்று நின்றது. பிரிட்டனில் டெக்கா 2000இல் நின்றது. அமெரிக்கா 2010 பிப்ரவரி 8 அன்று லோரான்-சியை அணைத்தது, அணைத்ததோடு விடாமல் அதே ஏப்ரலில் அலாஸ்காவின் போர்ட் கிளாரன்ஸில் 411 மீட்டர் உயரக் கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்தது. பிரிட்டன் லோரானின் மேம்பட்ட வடிவமான இ-லோரானை டோவரிலும் கிழக்குக் கரைத் துறைமுகங்களிலும் கப்பல்களுக்கு ஓட்டிக் காட்டியது, பத்து இருபது மீட்டர் துல்லியம் கிடைத்தது, 2015 கடைசியில் அதையும் மூடிவிட்டார்கள். அணைப்பது சரி, காசு மிச்சம் என்று ஒரு வாதமாவது இருக்கிறது. இடிப்பது எதற்கு?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சில பத்து வாட்டில் பேசுகிறது. தரைக்கு வரும்போது அது முணுமுணுப்புக்கும் கீழே. பக்கத்தில் ஒருவன் சின்னக் கருவியோடு இரைச்சல் போட்டாலே அமுங்கிவிடும். லோரான் நிலையத்தின் உச்சத்திறன் லட்சக்கணக்கான வாட். அதை அமுக்க வேண்டுமென்றால் எதிராளிக்கும் அதே மாதிரி பெரிய கோபுரம் வேண்டும், அதை ஒளித்து வைக்க முடியாது. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் பக்கம் இருந்த இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களின் ஜிபிஎஸ், அவை கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. கண்ணுக்கு எதிரே தண்ணீர், திரையில் ஓடுபாதை. சிரிப்பு வந்தாலும், பனிமூட்டத்தில், இருட்டில், பொய் இருபது மைலுக்குப் பதில் அரை மைலாக இருந்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? வட கொரியா ஜிபிஎஸ்ஸை இரைச்சலால் அமுக்கியதில் (ஜாமிங்) 2016இல் மீன்பிடிப் படகுகள் கரை திரும்ப வேண்டி வந்த தென் கொரியா அடிபட்டுத் தெரிந்துகொண்டு இ-லோரானைக் கையில் எடுத்தது.

விமானத் துறை நண்பர்கள் இதில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். திசை சொல்லும் விஓஆர், தூரம் சொல்லும் டிஎம்இ, ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் என்ற தரை ரேடியோக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கிப் போடவில்லை, எண்ணிக்கையைக் குறைத்தாலும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். அவர்களும் சறுக்கிய இடம் உண்டு. எஸ்டோனியாவின் டார்ட்டு விமான நிலையத்தில் இறங்கும் முறை ஜிபிஎஸ்ஸையே நம்பியிருந்தது. குறுக்கீடு தாங்காமல் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு மாதம் அங்கே பறப்பதை நிறுத்தியது. மறுபடி பறந்தது எதை வைத்து? தரையில் நிற்கும் டிஎம்இயை வைத்து. பழசுதான் கைகொடுத்தது.

ஆகவே என் கோரிக்கை. முதலில், மிச்சம் இருக்கும் தரை நிலையங்களை மூடும் முடிவு எதையும் ஒரு நாடு தனியாக எடுக்கக் கூடாது, பக்கத்து நாடுகளோடு பேசிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். லோரான் வளைவு எல்லைக்கோட்டில் நின்றுவிடுவதில்லை. இரண்டாவது, நிலையங்கள் திரும்ப வரும் பகுதிகளிலாவது அந்த 19ஆம் விதியில் ‘செயற்கைக்கோள் ரிசீவர் அல்லது தரை ரிசீவர்’ என்பதை ‘செயற்கைக்கோள் ரிசீவரும் தரை ரிசீவரும்’ என்று மாற்றுங்கள். செலவு கூடும் என்று கப்பல் உரிமையாளர்கள் கத்துவார்கள், 1,600 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு ரேடியோ திசைகாட்டியைக் கட்டாயமாக்கியிருந்த காலத்தில் அதையும் வாங்கி மாட்டிக்கொண்டுதான் ஓடினார்கள்.

மூன்றாவது, கருவியை வாங்கி மூலையில் மாட்டிவிட்டால் ராயல் மெஜஸ்டி கதைதான். ஆகவே பதிவேட்டில் இரண்டு பத்திகள் கேளுங்கள், ஒன்றில் ஜிபிஎஸ் சொன்ன இடம், பக்கத்தில் வேறொரு வழியில் எடுத்த இடம். லோரான் இல்லையென்றால் ரேடாரில் எடுத்த கரைமுனையின் தூரமும் திசையும் போதும், கோணம் அளக்கும் செக்ஸ்டன்டில் பிடித்த இரண்டு மூன்று நட்சத்திரங்களும் போதும். ஒரு வாட்ச்சுக்கு, அதாவது நான்கு மணி நேரக் காவல் முறைக்கு, ஒரு தடவை, கையால், பென்சிலில். அதில் ஐந்து நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
லேன் தாவியதைக் கவனிக்காமல் விட்ட ஒரு பழைய செகண்ட் மேட் (கப்பலின் இரண்டாம் துணை அதிகாரி)