எழுதியது எழுதியதுதான்: பிலாத்துவின் பொறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

புனித வெள்ளியை ஒட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, இயேசுவின் மரண தண்டனைக்கு ரோமானிய ஆளுநர் பிலாத்து 'வேறு வழியின்றி இசைந்தார்' என்று முடிகிறது. அன்றைய ரோமானிய நிர்வாகம் நடந்த விதத்தைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

முதலில் பதவி. பழைய வேதாகமம் 'தேசாதிபதி' என்கிறது, திருவிவிலியம் 'ஆளுநர்' என்கிறது. ஆளுநர் என்றதும் நமக்கு ராஜ்பவனும் மசோதாவும்தான் நினைவுக்கு வரும். பிலாத்துவின் வேலை அதுவல்ல. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவின் படை, வரி, நீதி மூன்றும் அவர் ஒருவர் கையில் இருந்தன. 1961இல் செசரியாவின் பழைய அரங்கில், படிக்கட்டுக்குப் போட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் அவர் பெயர் கிடைத்தது. அதில் உள்ள பட்டம் 'பிரிஃபெக்ட்'. பெயரே படை அதிகாரியுடையது.

உயிரை எடுக்கும் அதிகாரமும் அந்தப் பதவியோடு வந்ததுதான். கி.பி. 6இல் முதல் பிரிஃபெக்டாகக் கொப்போனியுஸ் வந்தபோதே மரண தண்டனை வரை அதிகாரம் தரப்பட்டது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார். எருசலேம் ஆலயத் தலைமைக்கு அந்த அதிகாரம் இருந்ததா? 62இல் நடந்ததைப் பாருங்கள். ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்தவர் அல்பினுஸ் வந்துசேராத இடைவெளியில், தலைமைக் குரு அனனுஸ் யூதரின் நீதி மன்றமான சங்கத்தைக் கூட்டி இயேசுவின் சகோதரர் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்ல வைத்தார். ஆளுநரின் அனுமதியில்லாமல் சங்கத்தைக் கூட்டியது தவறு என்று புகார் போனது. பதவிக்கு வந்த மூன்றே மாதத்தில் அனனுஸின் பதவி பறிபோனது. முதல் கிறிஸ்தவ இரத்தசாட்சியான ஸ்தேவானைக் கல்லெறிந்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது தீர்ப்பா, கும்பல் கொலையா என்பதே இன்னும் தீராத வழக்கு.

குற்றச்சாட்டு இடம் மாறியதையும் கவனிக்க வேண்டும். இயேசுவை முதலில் விசாரித்த தலைமைக் குரு காய்பாவின் முன் அது தேவதூஷணம், அதாவது கடவுளை நிந்தித்தல். பிலாத்துவின் முன் வந்தபோது 'தன்னை ராஜா என்கிறான், இராயனுக்கு வரி கொடுக்க வேண்டாம் என்கிறான்' என்று ஆனது. இராயன் என்றால் ரோமப் பேரரசர்; ரோமுக்கு இது ராஜத்துரோகம். தேவதூஷணத்துக்கு மோசேயின் சட்டம் சொல்லும் தண்டனை கல்லெறிதல், சிலுவை ரோமானியருடையது. பவுலைப் போல ரோமக் குடியுரிமை இருந்தால் 'இராயனுக்கு அபயமிடுகிறேன்' என்று மேல்முறையீடு செய்திருக்கலாம். கலிலேயத் தச்சருக்கு அந்த வழி கிடையாது. ஆகவே நியாயாசனத்தில் உட்கார்ந்தவர் சொன்னதே கடைசி வார்த்தை.

நெருக்கடி இருந்தது உண்மை. 'இவனை விட்டால் நீர் இராயனுக்குச் சிநேகிதனல்ல' என்பது சாதாரண மிரட்டல் அல்ல. காய்பாவின் பங்கையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் தலைமைக் குருக்களை ஏற்றியதும் இறக்கியதும் ரோமானிய அதிகாரிகளே. காய்பாவை நியமித்தவர் பிலாத்துவுக்கு முந்தைய ஆளுநர். பண்டிகைக்கு அணியும் குருத்துவ உடைகள்கூட ரோமானியர் காவலில்தான் இருந்தன. பிலாத்து கோழையும் அல்லர். ஆலயப் பணத்தை எடுத்து நீர்க்கால்வாய் கட்டியதை எதிர்த்த கூட்டத்துக்குள், சாதாரண உடையில் தடி மறைத்த வீரர்களை இறக்கி அடிக்க வைத்தவர் அவர். கெரிசீம் மலையில் சமாரியரைக் கொன்ற விவகாரத்தில்தான் கடைசியில் அவர் பதவியே போனது.

கை கழுவியதை மத்தேயு மட்டுமே சொல்கிறார். அது ரோமச் சட்டத்தில் உள்ள நடைமுறை அல்ல. கொலைப்பழி தமக்கில்லை என்று காட்ட, உபாகமம் 21இல் வரும் யூதச் சடங்கு. அடுத்த வசனத்தில் வரும் 'இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேல்' என்பதை வைத்து யூத இனம் முழுவதையும் எவ்வளவு காலம் வதைத்தார்கள் என்பது தெரிந்ததே. அன்றைய யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ அந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அறிவித்தது.

அழுத்தத்துக்கு வளைந்தவர் என்றால், சிலுவையில் மாட்டிய பலகை விஷயத்தில் ஏன் வளையவில்லை? எபிரெயு, இலத்தீன், கிரேக்கம் மூன்றிலும் 'யூதருடைய ராஜா' என்று எழுதி மாட்டினார். '"நான் யூதருடைய ராஜா என்று சொன்னான்" என மாற்றி எழுதும்' என்று குருக்கள் கேட்டார்கள். 'நான் எழுதினது எழுதினதே' என்று மறுத்துவிட்டார். அன்று மாலை உடலைக் கேட்டு அரிமத்தியா ஊர் யோசேப்பு போய் நின்றதும் அவரிடமே. நூற்றுக்கு அதிபதியை, அதாவது நூறு வீரருக்குத் தலைவரைக் கூப்பிட்டு, இறந்தது உறுதிதானா என்று விசாரித்த பிறகே உடலைக் கொடுத்தார் என்கிறார் மாற்கு.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை