முதல் அடி

சங்கரன்கோவில்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். தொலைபேசியில் இதைப் பேசத் தொடங்கினால் "சரிம்மா, பார்த்துக்கொள்கிறேன்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது, விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கிய நீ, வலது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல், முன்பாதத்தால் மட்டும் தத்தித் தத்திச் சுவரைப் பிடித்துக்கொண்டே அடுக்களை வரை வந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "பத்து அடி நடந்தால் சரியாகிவிடும்" என்றாய். அதே சொல்லை நானும் இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த வலியின் சூதே அதுதான். பத்து அடியில் விலகிவிடுவதால் அதை ஒரு நோயாக நாம் மதிப்பதில்லை. பகல் முழுவதும் நின்றுவிட்டு மாலையில் உட்கார்ந்து எழும்போது மறுபடியும் வந்து நிற்கிறது.

நீ செவிலியர் படிப்பில் படித்ததுதான். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடுகிற தடித்த நார்ப்பட்டை, வில்லுக்கு நாண்போலப் பாதத்தின் வளைவை இழுத்துப் பிடித்திருக்கிறது. மணிக்கணக்கில் கடினமான தரையில் நிற்கும்போது, உடலின் எடை முழுவதும் அந்தப் பட்டை குதிகாலோடு சேருகிற இடத்தை ஓயாமல் இழுக்கிறது. இரவில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடி கிடப்பதால் அந்தப் பட்டையும் கெண்டைக்கால் தசையும் சுருங்கி இறுகிவிடுகின்றன. காலையில் வைக்கும் முதல் அடி அவற்றைத் திடீரென்று இழுப்பதால்தான் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது. வார்டில் நோயாளிகளுக்கு இதையெல்லாம் நீ நன்றாக விளக்குவாய் என்று எனக்குத் தெரியும். உன் காலுக்கு என்று வரும்போதுதான் உனக்கு நேரம் கிடைப்பதில்லை.

எனக்கு வந்தபோது நீ பத்தாம் வகுப்பில் இருந்தாய், நினைவிருக்கும். உன் ஆச்சி மண் அடுப்பில் செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் நான்கைந்து எருக்கம் இலைகளைப் பரப்பி, என் குதிகாலை அதில் வைத்து வைத்து எடுக்கச் சொல்வார். இலை வதங்கிச் சுருளும்போது எழுகிற அந்தப் பச்சை வாடையும், சூடு எலும்பு வரை இறங்குகிற சுகமும் இப்போதும் மனத்தில் இருக்கின்றன. அன்றிரவு நன்றாகத் தூங்குவேன். விடிந்தால் வலி அங்கேயே இருக்கும். ஒத்தடத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் தேய்ந்துபோன அதே தட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஏழு பாடவேளை கரும்பலகையின் முன் நிற்கப் போகிறவளுக்கு ஒத்தடம் எத்தனை நாள் கைகொடுக்கும்?

பிறகு ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, குதிகாலில் எலும்பு முள்போல வளர்ந்திருக்கிறது, வெட்டி எடுத்தால்தான் தீரும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளையாக, இன்னொரு எலும்பு மருத்துவரிடம் போனோம். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கிறது, பெரும்பாலும் வலிக்குக் காரணம் அதுவல்ல என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். யாராவது படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் நீ கலங்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே குணமாகிவிடுகிறது. ஆனால் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை, பொறுமை வேண்டும். உடனே தீர வேண்டும் என்று குதிகாலில் ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிந்துபோவதும், சில வேளைகளில் அந்த நார்ப்பட்டையே கிழிந்துவிடுவதும் உண்டு.

அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிதான் என்னைக் காப்பாற்றியது. கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, வலிக்கிற காலை மறு முழங்காலின்மேல் போட்டு, கால்விரல்களைக் கையால் பற்றிக் கணுக்காலை நோக்கிப் பின்னால் வளைத்து, பத்து எண்ணும் வரை பிடித்திரு. பத்து முறை செய். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் அந்தப் பட்டை கயிறுபோல விறைத்து நிற்பது தெரியும். தெரிந்தால் சரியாகச் செய்கிறாய் என்று பொருள். நாளுக்கு மூன்று தடவை வேண்டும். சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்துக் குதிகாலைத் தூக்காமல் கெண்டைக்காலை நீட்டுவதையும் விட்டுவிடாதே.

இனி, ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கிற இன்சோல். அது வலியைத் தீர்த்துவிடும் என்று நம்பி வாங்காதே. நார்ப்பட்டையின்மேல் விழும் சுமையைக் குறைத்து, அது ஆறுவதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். விரலால் அமுக்கிப் பார்க்கும்போது பஞ்சுபோல இருப்பதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். உடல் எடை ஏறியதும் அது அப்பளம்போல் தட்டையாகிவிடும். குதிகால் அமர்வதற்குக் கிண்ணம்போல் குழிவும், உள்வளைவின் அடியில் கையால் அழுத்தினாலும் எளிதில் அமுங்காத திண்மையும் இருக்க வேண்டும். அளவெடுத்துச் செய்வதற்குப் பெருந்தொகை கேட்பார்கள். கடையில் கிடைக்கும் நல்ல ஆயத்த இன்சோலே இந்த வலிக்கு ஏறக்குறைய அதே பயனைத் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே முதலில் அதையே வாங்கிப் பார். ஷூவுக்குள் ஏற்கெனவே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் குதிகால் மேலேறி, ஷூ கழன்று கழன்று வரும். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று பழக்கு. முதல் நாளே பன்னிரண்டு மணி நேர ட்யூட்டிக்குப் போட்டுக்கொண்டு போனால் முழங்காலும் வலித்து, பழி இன்சோல்மேல் விழும்.

அதைவிட முக்கியம் ஷூ. நீ போடுகிற மெல்லிய தட்டை ஷூவை எடுத்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார். முறுக்கிக்கொண்டால் அதற்குள் எந்த இன்சோலை வைத்தும் பயனில்லை. கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய், இரண்டு கால்களுக்கும் போட்டு நடந்து பார்த்து, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்கு.

விடுதி அறைக்குள் வெறுங்காலோடு நடக்காதே. வீட்டுக்குள் செருப்பா என்று நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள், நானும் சுளித்தவள்தான். ஆனால் இன்றைய டைல்ஸ் தரை நோகும் காலுக்குச் சிறிதும் இரங்குவதில்லை. உள்ளே போடுவதற்கென்று தனியாக ஒரு எம்.சி.ஆர், அதாவது நுண்துளை ரப்பர், செருப்பு வைத்துக்கொள். தொழுநோயால் பாதத்தில் உணர்வை இழந்தவர்களுக்குப் புண் வராமலிருக்க, 1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் அந்த நுண்துளை ரப்பரைக் காலணிக்குக் கொண்டுவந்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். உன் அப்பா வீட்டுக்குள்ளும் அதைத்தான் போடுகிறார். அவருக்குப் பாதத்தில் மரமரப்பு தொடங்கிவிட்டதால், செங்கல் ஒத்தடம் பக்கம் அவரை நான் விடுவதே இல்லை. சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

குறிப்பு எழுதும் நேரத்திலாவது உட்கார்ந்து எழுது. கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் மாநிலத்தில் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். உட்காருவது சோம்பல் அல்ல. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ, எரிச்சலும் மரமரப்பும் சேர்ந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலி விடாமல் இருந்தாலோ, இந்தக் கடிதத்தை நம்பியிருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்.

இந்த வாரம் ட்யூட்டி முடிந்து வந்த ஒரு மாலையில், செய்தித்தாளை விரித்து அதன்மேல் நின்று, அறைத்தோழியிடம் பென்சிலைக் கொடுத்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரையச் சொல். எது இடது, எது வலது என்று குறித்து அனுப்பு. அடுத்த மாதம் அப்பாவுக்குச் செருப்பு மாற்றப் பாளையங்கோட்டைக்குப் போகிறோம். உனக்கும் ஒரு சோடி அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா