கோஹிமா சிப்பாயிடம் இரண்டு பத்திரிகைகள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பர்மா போர்முனை ரோல்பிளே ஆட்டத்தின் தமிழ்ப் பதிப்பில், சிப்பாய்களுக்கான ஆயுதம் மற்றும் தளவாட அட்டவணைகளில் உள்ள பிழைகள். திருத்திய பக்கங்கள் அல்லது பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் பர்மா முனையை வைத்து நீங்கள் வெளியிட்டிருக்கும் ஆட்டத்தை முழு விலை கொடுத்து வாங்கியவன் நான். விதிப்புத்தகம், பாத்திரத் தாள்கள், தளவாட அட்டைகள், பகடைகள் எல்லாம் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. நாயக் (செக்ஷன் தலைவர்) அட்டை ஒன்று மட்டும் குறைந்தது. அது கிடக்கட்டும். பிரச்சினை அச்சாகியிருக்கும் விஷயத்தில்தான்.

நாங்கள் ஆறு பேர். நான் ஆட்டத்தை நடத்துகிறேன். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு சிப்பாய் வீதம், பத்துப் பேர் கொண்ட ஒரு செக்ஷனை, அதாவது காலாட்படையின் ஒரு சிறு குழுவை, ஆடுகிறார்கள். உங்கள் புத்தகத்தின் முதல் கதைக்களம் 1944 ஏப்ரல், ஜப்பானியர்கள் முற்றுகையிட்ட நாகா மலை ஊரான கோஹிமா. எங்கள் செக்ஷன் அஸ்ஸாம் ரெஜிமென்ட். ஜெஸ்ஸாமியில் சண்டை போட்டுவிட்டு மலைக்காட்டு வழியாக நடந்து கோஹிமாவுக்கு வந்து, வந்த கையோடு முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டவர்கள். இதைவிட நல்ல தொடக்கம் ஒரு ஆட்டத்துக்கு அமையாது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் அதிகம்.

முதல் நாள் மாலை முழுக்கத் தளவாடம் பிரிப்பதிலேயே போனது. 41ஆம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன்: "ரைபிள் வீரர் ஒவ்வொருவரும் பிரென் துப்பாக்கிக்காக இரண்டு பத்திரிகைகளைச் சுமக்க வேண்டும்." மேஜையில் ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் ஒருவர் கேட்டார், "எதற்கு? ஜப்பான்காரனுக்கு வாசித்துக் காட்டவா?" பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டியான மேகசினைப் பத்திரிகை ஆக்கிய உங்கள் மொழிபெயர்ப்பாளர் அங்கேயே நிறுத்தவில்லை. அடுத்த பத்தியில் பிரென்னின் இரண்டாம் ஆளுக்கு "உதிரிப் பீப்பாய் ஒன்று" கொடுத்திருக்கிறார். தொடர்ந்து சுட்டால் சூடேறிவிடும் என்பதால் கழற்றி மாற்றுகிற குழல் (பேரல்) அது. எங்கள் ஆட்களுக்கு அது தெரியவில்லை. கோஹிமாவில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று முன்கதையில் படித்திருந்ததால், அந்தப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பிக்கொள்வதாகப் பாத்திரத் தாளில் எழுதிவிட்டார்கள்! ரைபிளின் தோள்வாரான ஸ்லிங்கைக் கவண் என்று போட்டிருப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

சரி, இவை மொழிபெயர்ப்புப் பிழைகள். சிரித்துவிட்டுப் பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டோம். விதியே தப்பாக இருந்தால் எதை அடித்து எதை எழுதுவது?

58ஆம் பக்கத்துத் தோட்டா அட்டவணையைப் பாருங்கள். "ரைபிள் தோட்டாவை இயந்திரத் துப்பாக்கியில் பயன்படுத்த முடியாது" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு வரி கீழே, "ஸ்டென், தாம்சன் இரண்டும் ஒரே வகை, மேகசினை மாற்றிக்கொள்ளலாம்" என்று இருக்கிறது. (இங்கே மட்டும் மேகசின் என்றே சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.) உண்மை இதற்கு நேர்மாறு. லீ என்ஃபீல்டு ரைபிளும் பிரென்னும் சுடுவது ஒரே .303 தோட்டாவைத்தான். கையடக்கத் தானியங்கித் துப்பாக்கிகளில் ஸ்டென் 9 மி.மீ. தோட்டாவும் தாம்சன் .45 தோட்டாவும் சுடுகின்றன. ஒன்றின் மேகசின் மற்றதில் நுழையவே நுழையாது.

இது ஏதோ நுணுக்கம் பார்க்கிறவனின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். மூன்றாவது மாலை, கோஹிமாவில் சண்டை நடந்த டென்னிஸ் மைதானத்துக்கு மேலே எங்கள் செக்ஷனின் பதுங்குகுழி. விடியற்காலைத் தாக்குதல். பிரென்காரருக்கு மேகசின் எல்லாம் காலி. பக்கத்தில் கிடக்கிற சிப்பாயின் தோளில் இரண்டு துணி பாண்டோலியர்கள் (தோட்டாப் பட்டைகள்). ஒன்றுக்கு 50 வீதம் மொத்தம் 100 தோட்டா. நிஜத்தில் என்ன செய்திருப்பார்கள்? குழிக்குள் குனிந்து உட்கார்ந்து, சார்ஜரிலிருந்து (ஐந்து தோட்டாவைப் பிடித்திருக்கும் கிளிப்) தோட்டாவை உருவி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் பிரென் மேகசினுக்குள் அழுத்தியிருப்பார்கள். முப்பது கொள்ளும் மேகசினில் 28தான் போடுவார்கள். .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு; திணித்து அடைத்தால் சிக்கிக்கொள்ளும். ஜப்பானியர்கள் இருபது கஜத்தில் வந்துகொண்டிருக்கும்போது, நடுங்குகிற விரலால் இருபத்தெட்டு எண்ணுவது. ஒரு ரோல்பிளே ஆட்டத்துக்கு இதைவிட வேறென்ன காட்சி வேண்டும்? உங்கள் விதி அதைத் தடை செய்கிறது. பிரென்காரர் தோட்டாக் குவியலுக்குப் பக்கத்தில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். அதே சுற்றில் தாம்சன் வைத்திருந்தவர் செத்துப்போன ஆளின் ஸ்டென் மேகசினை மாட்டிப் படபடவென்று சுட்டார், விதிப்படி. நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டீ போடப் போய்விட்டேன்.

அந்தக் காலத்துக் காலாட்படை செக்ஷனே பிரென்னைச் சுற்றிக் கட்டப்பட்டது. சிப்பாயின் மார்பில் இருக்கிற இரண்டு பௌச்சுகளையும் பிரென் மேகசின் அடங்கும் அளவுக்கே வடிவமைத்தார்கள். ரைபிள்காரர் தன் மேகசினைச் சுமக்கவில்லை, செக்ஷனின் மேகசினைச் சுமந்தார். உங்கள் 41ஆம் பக்கத்தை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது. 58ஆம் பக்கத்தை எழுதியவருக்குத் தெரியவில்லை. இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லையா?

பாத்திரம் உருவாக்கும் விதியும் அப்படித்தான். ஆளுக்கு 20 புள்ளி கொடுத்து, பிடித்த ஆயுதத்தை வாங்கிக்கொள் என்கிறீர்கள். பத்துப் பேரில் ஏழு பேர் தாம்சன் வாங்கினார்கள், பிரென்னை வாங்க ஆளில்லை. சிப்பாய் கடைக்குப் போய் ஆயுதம் வாங்கவில்லை. கொடுத்ததைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார், தொலைத்தால் பதில் சொன்னார். சுமைக் கணக்கில் ரைபிளுக்கும் 3, பிரென்னுக்கும் 3. ரைபிள் ஏறக்குறைய நாலு கிலோ, பிரென் சுமார் பத்துக் கிலோ. நாகா மலையில் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஏறினால் ஒன்றுதானா?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லீ என்ஃபீல்டுக்கு "மேகசினைக் கழற்றி மாற்ற ஒரு செயல்" என்று இருக்கிறது. சிப்பாய் சண்டையில் அதைக் கழற்றுவதில்லை. ஐந்து ஐந்தாகச் சார்ஜரிலிருந்து மேலிருந்து அழுத்தி நிரப்புவார். கதைக்களத்தில் எல்லோருக்கும் "ஜங்கிள் கார்பைன்" கொடுத்திருக்கிறீர்கள். லீ என்ஃபீல்டு ரைபிளின் ஐந்தாம் எண் வகையான அது தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கியதே 1944-ல்தான். ஏப்ரல் மாதத்துக் கோஹிமா பதுங்குகுழியில் அதற்கு வேலையே இல்லை. இந்தியச் சிப்பாயின் பழைய முதலாம் எண் ரைபிளுக்கு, நாலாம் எண்ணுக்கு உரிய ஆணி போன்ற பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டியிருக்கிறீர்கள். அது இதில் மாட்டாது. முதலாம் எண்ணுக்கு உரியது வாள் போல 17 அங்குல அலகு கொண்டது. படத்திலாவது சரியாக வரைந்திருக்கலாம்.

இருப்பதில் தப்பு ஒரு பக்கம். இல்லாததுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. அறுபதுக்கு மேல் தளவாட அட்டைகள் இருக்கின்றன, மலேரியாத் தடுப்பு மாத்திரையான மெப்பாக்ரினுக்கு ஒரு அட்டைகூட இல்லை. பர்மா முனையில் குண்டடியைவிட நோய்தான் அதிகம் பேரைப் படுக்கவைத்தது, அதில் மலேரியா முக்கியமானது. தோலை மஞ்சளாக்கும் அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கவைப்பதைப் பதினாலாவது ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம் அவ்வளவு கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டார். ஆட்களை விழுங்கவைக்காத கமாண்டிங் ஆபீசர்களைப் பதவியிலிருந்தே தூக்கினார். தண்ணீருக்கும் விதி இல்லை. முற்றுகையில் தண்ணீர் வரத்தை ஜப்பானியர்கள் துண்டித்தார்கள், அளந்துதான் கொடுத்தார்கள், விமானம் போட்ட பொருட்களில் கொஞ்சம் எதிரி பக்கம் விழுந்தது. உங்கள் ஆட்டத்தில் தண்ணீர்க் குடுவை வெறும் அலங்காரம், 1 புள்ளி. ஜப்பானியர் பக்கமும் அப்படியே. அவர்கள் தாளில் உணவு என்ற கட்டமே இல்லை. மூன்று வாரச் சாப்பாட்டோடு மலை ஏறி வந்த படை அது. கடைசியில் மேலிடத்து உத்தரவை மீறி அவர்கள் தளபதி சாட்டோ தன் டிவிஷனைப் பின்வாங்கவைத்ததற்குப் பெரிய காரணம் பட்டினி.

இதையெல்லாம் மூன்று வாரத்துக்கு முன் மின்னஞ்சலில் எழுதினேன். "ஆட்டத்தின் சமநிலைக்காக வரலாறு சற்றே எளிமைப்படுத்தப்பட்டுள்ளது" என்று நாலு வரி பதில் வந்தது. எளிமைப்படுத்துவது எனக்குப் புரியும். இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்பதுதான் எளிமை, உண்மையும் அதுதான். நீங்கள் மெனக்கெட்டுச் சிக்கலாக்கித் தப்பாக்கியிருக்கிறீர்கள். பெட்டியின் பின்பக்கம் "ஒவ்வொரு ஆயுதமும் வரலாற்றுப்படி சரிபார்க்கப்பட்டது" என்று போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

ஆகவே, 41 முதல் 63 வரையிலான பக்கங்களைத் திருத்தி அச்சிட்டு அனுப்புங்கள். கூடவே பிரென், தாம்சன், ஸ்டென், ரைபிள் அட்டைகளுக்கு மாற்று அட்டைகளும் வேண்டும். பதினைந்து நாளுக்குள் முடியாது என்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள், பெட்டியை அப்படியே அனுப்பிவிடுகிறேன். ரசீதின் நகலையும், தவறுகளைப் பென்சிலால் குறித்த பக்கங்களின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

எதை அனுப்பினாலும் அந்த நாயக் அட்டையை மறந்துவிடாதீர்கள். எங்கள் செக்ஷனுக்கு இப்போது ஒரு தீப்பெட்டிதான் தலைமை தாங்குகிறது.

இப்படிக்கு,
ஆட்டத்தை இன்னும் விட்டுவிடாத ஒரு வாடிக்கையாளர்